பத்து சென்ட் புத்தகமும் ஒரு மனநல மருத்துவரும்

கொஞ்சம் நீளமான த்ரெட். அவசரம் இல்லாத நேரத்துல நிதானமா படிங்க.

1948 அக்டோபர். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ஸ்பென்சர் என்கிற சின்ன ஊர். அங்கே பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் சுமார் 2000 காமிக்ஸ் புத்தகங்களைக் குவிச்சு தீ வெச்சாங்க. வெச்சது போலீஸ் இல்லை, பாதிரியார் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைங்களே. வீடு வீடாப் போய் சேகரிச்சுக் கொண்டு வந்து, ஆசிரியர்களும் பெற்றோரும் பார்த்துக்கிட்டு நிற்க, தங்களுக்குப் பிடிச்ச புத்தகங்களைத் தாங்களே கொளுத்தினாங்க. அதே வருஷம் நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டனிலும் இதே மாதிரி நடந்தது. ஹிட்லரின் ஆட்கள் புத்தகம் எரிச்சதைப் பார்த்து உலகமே பதறி 15 வருஷம்தான் ஆகியிருந்தது.

இந்தத் தீயை யாரும் ஒரு டாக்டரின் சீட்டை வெச்சுப் பத்த வைக்கலை. ஆனா அந்தக் காலத்து அமெரிக்கத் தாய் தகப்பன்களின் பயத்துக்கு ஒரு மருத்துவ முகம் கொடுத்தவர் ஒருத்தர் இருந்தார். பெயர் ஃபிரெட்ரிக் வெர்த்தாம். மனநல மருத்துவர். காமிக்ஸ் ரசிகர்கள் இன்னிக்கும் திட்டுற பெயர்.

திட்டுறதுக்கு முன்னாடி அவர் யாருன்னு தெரிஞ்சுக்கணும். ஏன்னா அவர் மோசமான டாக்டர் இல்லை. இந்தக் கதையில் என்னை உறுத்துறதே அதுதான்.

1895ல் ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் பிறந்தவர். 1922ல் அமெரிக்கா வந்து ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வேலை பார்த்தார். அப்புறம் நியூயார்க், பெல்வ்யூ மருத்துவமனை. அந்தக் காலத்து நியூயார்க்கில் ஒரு கறுப்பினத்துப் பிள்ளைக்கு மனசு சரியில்லைன்னா கூட்டிட்டுப் போக இடமே கிடையாதுன்னு சொல்லலாம். 1946ல் வெர்த்தாம், எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட் மாதிரியான நண்பர்களின் துணையோடு, ஹார்லெம் பகுதியில் ஒரு சர்ச்சின் அடித்தளத்தில் லஃபார்க் கிளினிக்கை ஆரம்பிச்சார். வாரத்துக்கு ரெண்டு சாயந்திரம். வேலை பார்த்தவங்க எல்லாம் சம்பளம் வாங்காத டாக்டர்களும் சமூகப் பணியாளர்களும். கட்டணம் 25 சென்ட். அதுவும் இருந்தா கொடுக்கலாம்.

இன்னொன்னு. டெலவேர் மாநிலத்தில் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடம் என்பதை எதிர்த்து வழக்கு போட்டாங்க. அந்த வழக்குக்காகக் கறுப்பினக் குழந்தைகளையும் வெள்ளையினக் குழந்தைகளையும் பரிசோதிச்சு, இந்தப் பிரிவினை பிஞ்சு மனசை என்ன செய்யுதுன்னு 1951ல் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். மாநில நீதிபதி அதை ஏத்துக்கிட்டார். அந்த வழக்குதான் மத்த வழக்குகளோடு சேர்ந்து உச்ச நீதிமன்றம் போய், 1954 மே 17ல் 'பிரவுன்' தீர்ப்பா வந்தது. அமெரிக்கப் பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டவிரோதம்னு சொன்ன தீர்ப்பு.

இப்படிப்பட்ட மனுஷனுக்கும் காமிக்ஸுக்கும் என்ன பகை?

கிளினிக்குக்கு வர்ற பிள்ளைங்க கையில் எல்லாம் காமிக்ஸ் இருந்தது. திருட்டு, அடிதடி, ஸ்கூலுக்கு மட்டம், ராத்திரி அலறல்னு என்ன பிரச்சினையோடு வந்தாலும் பாக்கெட்டில் ஒரு காமிக்ஸ். அவர் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். அதிர்ந்து போனார்.

அதிர்ச்சியில் நியாயம் இருந்தது, அதையும் சொல்லிடறேன். அப்போ வந்த சில க்ரைம், திகில் காமிக்ஸ்களை இன்னிக்கு நான் பார்த்தாலும் எட்டு வயசுப் பிள்ளை கையில் கொடுக்க மாட்டேன். வெட்டுப்பட்ட உடம்பின் பாகங்களை வெச்சு பேஸ்பால் ஆடுற கதையே ஒண்ணு உண்டு. காட்டுக் கதைகளில் கறுப்பின மக்களை வரைஞ்ச விதம் கேவலம். நடுவில் வர்ற விளம்பரங்களில் பிள்ளைகளுக்குக் கத்தியும் ஏர்கன்னும் வித்தாங்க. இதையெல்லாம் வெர்த்தாம் கண்டிச்சார். சரியான கண்டிப்பு.

ஆனா அவர் அங்கே நிற்கலை. காமிக்ஸ் பிள்ளைகளைக் குற்றவாளி ஆக்குதுன்னார். சூப்பர்மேன் ஆதிக்க வெறியைக் கத்துக் கொடுக்குது, பேட்மேனும் ராபினும் ஒரே வீட்டில் இருக்கிறது ஓரினச்சேர்க்கைக் கனவு, வொண்டர் வுமன் பெண் பிள்ளைகளுக்குக் கெட்ட முன்மாதிரின்னார். 1954 ஏப்ரல் 19ல் 'செடக்‌ஷன் ஆஃப் தி இன்னொசென்ட்' என்ற அவரோட புத்தகம் வந்தது.

(சின்ன இடைச்செருகல்: அந்த வொண்டர் வுமனை உருவாக்கினவரே ஒரு உளவியல் நிபுணர்தான். வில்லியம் மோல்டன் மார்ஸ்டன். ரத்த அழுத்தத்தை அளந்து பொய்யைக் கண்டுபிடிக்கலாம்னு ஆராய்ச்சி பண்ணவர். வொண்டர் வுமன் கையில் இருக்கிற கயித்தால கட்டினா யாரா இருந்தாலும் உண்மையைச் சொல்லிடுவாங்க இல்லையா? எங்க இருந்து வந்திருக்கும்னு பார்த்துக்கோங்க.)

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒரு டாக்டரா எனக்கு இங்க ஒரு கேள்வி வருது. கிளினிக்குக்கு வந்த பிரச்சினைக்குரிய பிள்ளைங்க எல்லாரும் காமிக்ஸ் படிச்சாங்க. உண்மை. கிளினிக்குக்கு வராத பிள்ளைங்க?

அவங்களும் படிச்சாங்க. டிவி இன்னும் வீட்டுக்கு வீடு வராத காலம். அமெரிக்கப் பிள்ளைங்களில் பெரும்பான்மையான பேர் காமிக்ஸ் படிச்சாங்க. நல்லாப் படிச்ச பையன், சர்ச்சில் பாடுற பொண்ணு, திருடினவன், திருடாதவன் எல்லார் கையிலும் அதே பத்து சென்ட் புத்தகம்.

என்கிட்ட வர்ற சர்க்கரை நோயாளிகள் அத்தனை பேரும் இட்லி சாப்பிட்டவங்கதான். அதனால இட்லிதான் சர்க்கரை நோயைக் கொண்டு வருதுன்னு நான் புத்தகம் போட்டா நீங்க ஒத்துப்பீங்களா? வெளியில் நல்லா இருக்கிறவங்களும் இட்லிதானே சாப்பிடறாங்கன்னு கேட்பீங்க இல்ல? அந்தக் கேள்வியைத்தான் வெர்த்தாம் கேட்கலை.

'அந்தக் காலத்தில் ஆராய்ச்சி முறையே அவ்வளவுதான் டாக்டர்'னு யாராவது கமெண்ட்டில் சொல்வீங்க. இல்லை. 1950லேயே லண்டனில் டாலும் ஹில்லும் சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் இருக்கிற தொடர்பைக் காட்டிட்டாங்க. அவங்களுக்கும் இதே சிக்கல்தான். அப்போ கிட்டத்தட்ட எல்லா ஆம்பளைங்களும் புகைச்சாங்க. அதனால 709 புற்றுநோயாளிகளைக் கேட்டதோடு விடாம, அதே வயசு, அதே பாலினத்தில் வேற நோய்க்கு வந்த 709 பேரிடமும் அதே கேள்விகளைக் கேட்டாங்க. ஆண்களை மட்டும் எடுத்தா பக்கத்துக்கு 649 பேர். புற்றுநோய் வந்தவங்களில் புகைக்காதவங்க 2 பேர். மத்தப் பக்கத்தில் 27 பேர். எவ்வளவு புகைச்சாங்க என்ற கணக்கையும் சேர்த்துப் பார்த்தப்போ விஷயம் இன்னும் தெளிவாச்சு. எல்லாரும் செய்யுற ஒரு பழக்கத்தைக்கூட ஆராய வழி இருந்தது. ரெண்டாவது வரிசை ஆட்களைக் கூப்பிட்டு உட்கார வெச்சுக் கேட்கணும், அவ்வளவுதான்.

வெர்த்தாமுக்கு அதில் நம்பிக்கை இல்லை. நோயாளியோடு உட்கார்ந்து பேசி, வரைய வெச்சு, விளையாட வெச்சுக் கண்டுபிடிக்கிறதுதான் உண்மையான முறைன்னு நினைச்சார். ஒரு பிள்ளையைப் புரிஞ்சுக்க அது நல்ல முறைதான். ஒரு நாட்டுக்குச் சட்டம் போட அது போதாது.

புத்தகம் வந்து ரெண்டே நாள். 1954 ஏப்ரல் 21. சிறார் குற்றங்களை ஆராயும் செனட் துணைக்குழு நியூயார்க்கில் விசாரணையை ஆரம்பிச்சது. டிவி கேமரா வேற. வெர்த்தாம் சாட்சி சொன்னார். அதே நாளில் தானாவே முன்வந்து சாட்சி சொன்ன இன்னொருத்தர், ஈ.சி. காமிக்ஸ் உரிமையாளர் வில்லியம் கெய்ன்ஸ். திகில் காமிக்ஸில் அப்போ அவர்தான் ராஜா.

கெய்ன்ஸ் முதல் நாள் ராத்திரி தூங்காம அறிக்கை தயார் பண்ணியிருந்தார். உடம்பைக் குறைக்க டெக்ஸட்ரின் மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருந்தார். ஆம்ஃபெட்டமின் வகை. சாப்பிட்டதும் உலகத்தையே ஜெயிச்சிடலாம்னு தோணும், இறங்கும்போது ஆளையே சாய்ச்சிடும். அந்தக் காலத்தில் இதை எடை குறைக்கச் சாதாரணமா எழுதிக் கொடுத்தாங்க எங்க ஆட்கள்! சாட்சி சொல்லிக்கிட்டு இருக்கும்போதே மாத்திரையின் வீரியம் இறங்கிடுச்சு.

அப்போ செனட்டர் கீஃபாவர் ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டினார். ஒரு கையில் ரத்தக் கறை படிஞ்ச கோடாலி, இன்னொரு கையில் ஒரு பொண்ணோட தலை. இது நல்ல ரசனையான்னு கேட்டார். திகில் காமிக்ஸ் அட்டைக்கு ஆமான்னார் கெய்ன்ஸ். தலையை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சு கழுத்திலிருந்து ரத்தம் சொட்டுறது தெரிஞ்சிருந்தாத்தான் மோசமா இருந்திருக்கும்னு விளக்கம் வேற சொன்னார். வாயில் ரத்தம் வருதேன்னு கேட்டார் கீஃபாவர். கொஞ்சம்தான்னார் இவர். மறுநாள் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் வந்தது. கதை முடிஞ்சது.

அதே விசாரணையில் காமிக்ஸுக்கு ஆதரவா ஒரு மனநல மருத்துவரும் பேசினாங்க. பெல்வ்யூவின் லாரெட்டா பெண்டர். பழைய நாடோடிக் கதைகள் செய்யுற வேலையைத்தான் காமிக்ஸ் செய்யுது, பிள்ளைங்க பயத்தைக் கையாளக் கத்துக்கறாங்கன்னாங்க. எனக்கு அந்தக் கருத்து சரின்னே படுது. ஆனா அவங்க ஒரு காமிக்ஸ் கம்பெனியிடம் ஆலோசகரா சம்பளம் வாங்கினவங்க. அதுக்கும் மேல, இதே பெண்டர்தான் 1940களில் பன்னிரண்டு வயசுக்கும் குறைஞ்ச நூறு பிள்ளைகளுக்குப் பக்கமா கரண்ட் ஷாக் சிகிச்சை கொடுத்தவங்க. நல்லவர், கெட்டவர்னு ஆளைப் பிரிச்சு வெச்சுக்கிட்டு இந்த வரலாற்றைப் படிக்க முடியாது மக்களே.

அந்த நியூயார்க் விசாரணையில் பதிப்பாளர்கள் வந்தாங்க, விநியோகஸ்தர்கள் வந்தாங்க, ஓவியர்கள், டாக்டர்கள், அதிகாரிகள் வந்தாங்க. காமிக்ஸ் படிக்கிற ஒரு பிள்ளையைக் கூப்பிடலை.

கூப்பிடாட்டி என்ன, பிள்ளைங்க கடிதம் எழுதினாங்க. கெய்ன்ஸும் எழுதச் சொல்லித் தூண்டினார், அதை மறைக்க வேண்டாம். ஆனாலும் கோணல் மாணல் கையெழுத்தில் செனட்டுக்கே கடிதம் எழுதுறதுன்னா சும்மா இல்லை. யோசிச்சுப் பாருங்க. அந்தக் காலத்துப் பிள்ளைக்குச் சட்டை அம்மா வாங்கினது. பாடப் புத்தகம் பள்ளிக்கூடம் கொடுத்தது. லைப்ரரி புத்தகத்தையும் ஒரு பெரியவர் பார்த்துத்தான் எடுத்துக் கொடுப்பார். காமிக்ஸ் ஒண்ணுதான் அவன் காசு சேர்த்து, அவனே கடைக்குப் போய், அவனே தேர்ந்தெடுத்து வாங்கினது. படிச்சு முடிச்சா நண்பனிடம் மாத்திக்கலாம். பெரியவங்க கை படாத சொத்து. பெரியவங்களுக்கு வந்த பயத்தில் பாதி, உள்ளே இருந்த ரத்தத்தைப் பார்த்து வந்தது. மீதி பாதி, தங்களைக் கேட்காம வாங்கினதைப் பார்த்து வந்ததுன்னு நான் நினைக்கிறேன்.

(பாடப் புத்தகத்துக்குள்ள ஒளிச்சு வெச்சு இரும்புக்கை மாயாவி படிச்சவங்களுக்கு இது தனியா விளக்க வேண்டியதில்லை. 1972ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழா வந்த அந்த மாயாவி, இங்கிலாந்தின் வேலியன்ட் இதழில் வந்த ஸ்டீல் க்ளா.)

செனட் குழு 1955ல் கொடுத்த அறிக்கையைப் பார்த்தா ஆச்சரியமா இருக்கும். நல்லபடி வளர்ற பிள்ளையை காமிக்ஸ் மட்டுமே குற்றவாளி ஆக்கிடும்னு நிபுணர்களில் பெரும்பாலானோர் நினைக்கலைன்னு அதிலேயே இருக்கு. ஆனா அதுக்குள்ள பதிப்பாளர்கள் பயந்துபோய் 1954லேயே தங்களுக்குத் தாங்களே ஒரு விதிமுறையை எழுதிக்கிட்டாங்க. காமிக்ஸ் கோட். 'திகில்' என்ற சொல்லே தலைப்பில் வரக்கூடாது. ரத்தக் காட்டேரி, நடைபிணம், ஓநாய் மனிதன் எதுவும் கூடாது. போலீஸ், நீதிபதி, அரசாங்கம் யார் மேலயும் மரியாதை குறையக் கூடாது. முத்திரை இல்லாத புத்தகத்தைப் பெரும்பாலான கடைகளுக்கு அனுப்ப மாட்டாங்க.

ரெண்டே வருஷத்தில் சுமார் 650 தலைப்புகள் 250 ஆகிடுச்சு. டேவிட் ஹாஜ்டு இந்த வரலாற்றைப் பற்றி எழுதின புத்தகத்தின் கடைசியில் ஒரு பெயர்ப் பட்டியல் இருக்கு. அதுக்கப்புறம் காமிக்ஸில் வேலையே பார்க்காமப் போன ஓவியர்கள், எழுத்தாளர்கள். 800 பேருக்கு மேல. கனடா 1949லேயே க்ரைம் காமிக்ஸைக் குற்றம் ஆக்கிடுச்சு, 2018ல்தான் நீக்குச்சு. இங்கிலாந்து 1955ல் தனிச் சட்டம் போட்டது.

இப்போ நான் சொல்லப் போறது இந்தக் கதையிலேயே முக்கியமான இடம்.

ஈ.சி. காமிக்ஸ் 1953ல் 'ஜட்ஜ்மென்ட் டே'ன்னு ஒரு அறிவியல் கதை வெளியிட்டது. பூமியிலிருந்து ஒரு விண்வெளி வீரர் ஒரு கிரகத்துக்குப் போறார். அங்கே இருக்கிறது எல்லாம் ரோபோ. ஆரஞ்சு நிறம் ஒரு ஜாதி, நீல நிறம் ஒரு ஜாதி. உள்ளே இருக்கிற மெஷின் ஒண்ணுதான், மேல் பூச்சுதான் வேற. ஆனா நீல ரோபோவுக்குத் தனி வீதி, கீழான வேலை. வீரர் சுத்திப் பார்த்துட்டு, உங்க கிரகத்தை விண்மீன் குடியரசில் சேர்க்க இன்னும் நேரம் வரலைன்னு சொல்லிட்டுக் கிளம்பறார். கப்பலுக்குள்ள போய் ஹெல்மெட்டைக் கழட்டறார். கடைசிப் படத்தில்தான் அவர் முகம் தெரியுது. அவர் ஒரு கறுப்பின மனிதர். முகத்தில் வியர்வைத் துளி மினுங்குது.

1956 பிப்ரவரி தேதியிட்ட இதழில் இதை மறுபடி போட, கோட் அலுவலகத்துக்கு அனுப்பினாங்க. அந்த வீரர் கறுப்பினத்தவரா இருக்கக்கூடாதுன்னு பதில் வந்தது. கதையே அதுதானே ஐயா! எடிட்டர் ஃபெல்ட்ஸ்டீனும் கெய்ன்ஸும் சண்டைக்கு நின்னாங்க. கடைசியில் வியர்வைத் துளியையாவது எடுங்கன்னாங்க. வழக்கு போட்டு ஊரைக் கூட்டுவேன்னு கெய்ன்ஸ் கத்தின பிறகு, அப்படியே வந்தது. ஈ.சி. வெளியிட்ட கடைசி காமிக்ஸ் இதழ் அதுதான். அதுக்கப்புறம் கெய்ன்ஸ் கையில் நின்னது 'மேட்' பத்திரிகை. அது கோட் தொடாத மேகசின் வடிவத்துக்கு ஏற்கெனவே மாறியிருந்தது.

நிறப் பிரிவினை குழந்தை மனசைக் கெடுக்குதுன்னு கோர்ட்டில் நின்னு சொன்ன டாக்டர் வெர்த்தாம். அவர் கிளப்பின புயலில் பிறந்த அலுவலகம், நிறப் பிரிவினைக்கு எதிரான கதையையே வெட்டப் பார்த்தது. அவரைக் கேட்டா, இந்த கோட் எனக்கும் பிடிக்கலைன்னுதான் சொல்லியிருப்பார். உண்மையிலேயே அவருக்கு அது பிடிக்கலை. அவர் கேட்டது, 15 வயசுக்குக் கீழ இருக்கிறவங்களுக்கு விற்காதீங்கன்னுதான். ஆனா பயத்தைக் கிளப்பி விட்டுட்டா, அது எங்கே போய் முட்டும்னு கிளப்பினவர் கையில் இல்லை.

1971ல் இன்னொரு கூத்து. போதைப் பழக்கத்தின் ஆபத்தைப் பற்றி ஒரு கதை எழுதுங்கன்னு அமெரிக்க சுகாதார, கல்வித் துறையே ஸ்டான் லீயிடம் கேட்டது. ஸ்பைடர்மேனில் மூணு இதழுக்கு எழுதினார். போதைன்னு வந்தாலே கூடாதுன்னு கோட் மறுத்துடுச்சு. முத்திரை இல்லாமலேயே 96, 97, 98ஆம் இதழ்களை வெளியிட்டாங்க. வானம் இடிஞ்சு விழலை. அதே வருஷம் விதியைத் தளர்த்தினாங்க. கோட் மொத்தமா ஒழிஞ்சது 2011ல்.

வெர்த்தாம் 1981ல் இறந்தார். அவரோட கோப்புகள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குப் போச்சு. ஆராய்ச்சியாளர்களுக்கு 2010ல் திறந்து விட்டாங்க. கேரல் டில்லி என்கிற நூலகவியல் பேராசிரியர் போய் உட்கார்ந்து, புத்தகத்தில் இருக்கிற நோயாளிகளின் கதைகளை அவங்க மூலக் குறிப்போடு ஒத்துப் பார்த்தாங்க. 2012ல் கட்டுரை வந்தது.

பேட்மேன் பற்றி ஒரு இளைஞன் சொன்னதா புத்தகத்தில் இருக்கிறது, குறிப்பில் ரெண்டு பேர். ரெண்டு பேரை ஒருத்தரா ஆக்கியிருக்கார். அவங்களும் பேட்மேனை விட டார்ஜானையும் சப்-மரைனரையும்தான் சொல்லியிருக்காங்க. அது புத்தகத்துக்கு வரலை. அவங்க ஓரினச்சேர்க்கையை நோய்னு அவர் பார்த்தது அந்தக் காலத்து மருத்துவம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் அதை நோய்ப் பட்டியலில் இருந்து எடுத்ததே 1973ல்தான். ஆனா ரெண்டு கேஸை ஒரு கேஸா எழுதுறதுக்கு எந்தக் காலமும் சாக்கு ஆகாது.

எனக்கு அதிகம் வலிச்சது இன்னொரு கேஸ். புத்தகத்தில் டோரதின்னு ஒரு பொண்ணு. 13 வயசு. பள்ளிக்கூடம் போகாம ஓடிடுறா. காட்டு ராணி ஷீனா காமிக்ஸ்னா உயிர். படிக்கிற நமக்கு ஷீனாவால் கெட்டுப்போன பொண்ணுன்னு தோணும்.

டில்லி கோப்பைப் பிரிச்சப்போ அந்தப் பொண்ணு வீட்டை விட்டு ஓடினவள், ஒரு கேங்கில் இருந்தவள், அந்த வயசிலேயே உடலுறவுக்கு ஆளானவள்னு எல்லாம் இருந்தது. 13 வயசுக் குழந்தை ஒண்ணு வீட்டை விட்டு ஓடியிருக்குன்னா, அந்த வீட்டில் என்ன நடந்ததுன்னுதானே ஒரு டாக்டர் முதலில் கேட்கணும். அந்தத் தகவல் அத்தனையும் கிளினிக் குறிப்பிலேயே இருந்தது. யாரோ அவளிடம் பொறுமையா உட்கார்ந்து கேட்டு, ஒண்ணு விடாம எழுதி வெச்சிருக்காங்க. புத்தகத்துக்கு வரும்போது ஷீனா மட்டும்தான் வந்தாள்.